தீயாவின் நாலாவது வரி

புதன்கிழமை மண்டபத்தில் என்னோடு கூடியிருந்து முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கிற என் வயதுக்காரர்களே, ஒரு படத்தின் கீழே அச்சாகப் போன ஒரு சொல்லுக்காக இதை எழுதுகிறேன். அந்தச் சொல் பொய். கோபத்தோடு எழுதினால் எழுத்து கோணும் என்பார்கள். கோணினால் கோணட்டும்.

என்னை உங்களுக்குத் தெரியும். மெல்பேர்ன் ஸ்பிரிங்வேல் மார்க்கெட்டில் வியட்நாம்காரியோடு பச்சைக்கொச்சிக்காய்க்கு மல்லுக்கட்டுகிற, முழங்கால்வரை சட்டை போட்ட, மட்டக்களப்புத் தமிழ் பேசுகிற கிழவி. பறங்கிச்சி. மண்டபத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்கள். போன மாதம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐ.டி. தம்பி ஒருவர், அம்மாவைக் கொண்டுவந்து விட்டவர், "எப்படி ஆன்ட்டி இவ்ளோ நல்லா தமிழ் பேசறீங்க?" என்று வியந்தார். "நீங்களும் நல்லாத்தான் பேசிறீங்க தம்பி" என்றேன். பாவம், அவருக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது.

நீங்கள் இருக்கிற கதிரை, தேத்தண்ணி வைக்கிற மேசை, அதை ஊற்றுகிற குசினி, கோப்பைகளை அடுக்குகிற அலுமாரி, அதைப் பூட்டுகிற சாவி எல்லாமே எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொற்கள். நன்றி வேண்டாம். அந்தக் கதிரையில் இருந்துகொண்டே "நீங்க ஆர் ஆக்கள்?" என்று என்னிடம் கேட்காதிருந்தால் போதும்.

நாங்கள் ஆரென்றால், சில நூறு வருடங்களுக்கு முன் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் பிள்ளைகளுடைய பிள்ளைகள். வந்த ஆண்கள் போய்விட்டார்கள். ஊர்ப் பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் ஒரு மொழியும் மிஞ்சின. மட்டக்களப்பு வாவிக்கரையில் சில தெருக்கள், அவ்வளவுதான் எங்கள் தேசம். ஆண்கள் தச்சர்கள், கொல்லர்கள், தையற்காரர்கள். படலைக்கு வெளியே தமிழ், உள்ளே எங்கள் பறங்கிப் பேச்சு. போர்த்துக்கலில் இருந்து ஒருவர் வந்து கேட்டால் பாதி விளங்கும், பாதிக்கு முழிப்பார். அவர் முழித்தால் அது அவருடைய குறை.

எங்கள் தெருக் கலியாணங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கேக் வெட்டி முடிந்ததும் வயலினும் மேளமும் தொடங்கும். காபிரிஞ்ஞா ஆட்டத்துக்குச் சோடிகள் எதிரெதிரே வந்து நிற்பார்கள். ஆனால் உடனே ஆட முடியாது. மணப்பெண்ணுடைய தகப்பன் வழியில் வயதில் மூத்த பெண் முன்னுக்கு வந்து, எங்கள் பேச்சில் நாலு வரி கட்டி, பெண்ணைப் பார்த்துப் பாடவேண்டும். கேலியாகவும் இருக்கலாம், கேள்வியாகவும் இருக்கலாம், கொஞ்சம் பச்சையாகவும் இருக்கலாம். பெண் எழுந்து நின்று நாலு வரியில் பதில் பாடவேண்டும். இருந்தபடி பாடினால் செல்லாது. அவளுக்காக வேறொருவர் பாடினாலும் செல்லாது. பதில் வந்தபிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பார்கள். பதில் சொல்லாத பெண்ணைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

என் அக்கா இதில் பெரிய கெட்டிக்காரி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மணமகளே ஆகாத பதினைந்து வயதில், அடுத்தவர் கலியாணங்களில் விளையாட்டுக்குப் போட்டி வைத்தால் மீசை நரைத்த ஆண்களைக் கூட வாயடைக்கப் பண்ணுவாள். அவள் பாடி முடித்ததும் அப்பா வயலினை நாடியில் இருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பார்.

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அந்தக் காலத்தில் இங்கே வருவதென்றால் முகத்தில் ஐரோப்பா தெரியவேண்டும். தெரியாவிட்டால் கடதாசியிலாவது தெரியவேண்டும். அப்பா வெள்ளை. அம்மா பவுடர் போட்டால் தப்பலாம். அப்பாவின் மூத்த சகோதரி நல்ல கறுப்பு. ஒரே தாய், ஒரே தகப்பன். எங்கள் வீடுகளில் அது அதிசயமில்லை. அவரை நாங்கள் தீயா என்போம். எங்கள் பேச்சில் அப்பாவின் சகோதரிக்கு அதுதான் பெயர். தீயா கலியாணம் கட்டவில்லை. அம்மா தையலுக்குப் போக, அக்காவையும் என்னையும் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தது அவர்தான்.

விண்ணப்பத்துக்குக் குடும்பப் படம் எடுத்த நாளில் தீயா படம் பிடிக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று, கையைக் காட்டி எங்கள் தலைமயிரைச் சரிசெய்ய வைத்தார். படத்துக்குள் வரவில்லை. எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. தீயாவும் கூட இருந்துதான் பேசினார். கடதாசியில் எங்கள் வம்சம் ஒல்லாந்த வம்சம் என்று எழுதப்பட்டது. ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர், போர்த்துக்கேயருக்குப் பிறகு வந்தவர்கள். அவர்களுடைய சந்ததிக்குக் கொழும்பில் மதிப்பு அதிகம். எங்கோ ஒரு கொள்ளுப்பாட்டன் ஒல்லாந்தனாக இருந்திருக்கலாம். அந்த ஒருவனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் கடல் கடந்தோம்.

ஸ்பிரிங்வேலில் அப்போது மரப்பலகை வீடுகளும் வெறும் வளவுகளும்தான். இன்றைக்கு நாங்கள் கொத்தமல்லிக்கட்டு வாங்குகிற சந்தியில் அன்றைக்கு ஒரு புல் வெட்டும் மெஷின் கடை இருந்தது. எங்கள் வீட்டில் முன்பிருந்தவர்களின் ஆட்டுக்கொழுப்பு மணமும் தரைப் பொலிஷ் மணமும் எவ்வளவு கழுவியும் போகவில்லை. மரம் சீவின அப்பாவின் கை கார்த் தொழிற்சாலையில் தகரம் வளைத்தது. அம்மா ஒரு சேர்ட் தொழிற்சாலையில் கொலர் தைத்தார்.

மூன்று வருடத்தில் குடிவரவுச் சட்டம் கொஞ்சம் இளகியது. அக்காவுக்குக் கலியாணமும் பொருந்தியது. அத்தான் நல்ல மனிதர். கொழும்பிலிருந்து வந்த ஒல்லாந்தப் பறங்கிக் குடும்பம். அவர்கள் வீட்டு மண்டபச் சுவரில் சிங்கம் போட்ட ஒரு கேடயம் தொங்கியது. எங்களையும் தங்களைப்போலச் சுத்த ஒல்லாந்தர் என்றே நினைத்திருந்தார்கள். அம்மா அதை மறுக்கவில்லை. கலியாணத்துக்காகத் தீயா மூன்று மாத விசாவில் வந்திறங்கினார்.

இடுப்பில் கம்பாயத் துணி உடுத்து, லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கூனிக் கருவாட்டை விமான நிலையத்தில் பிடுங்கிவிட்டார்கள். எருமைக்கொம்புச் சீப்பு ஒன்று தப்பியது. தீயா நடந்த அறைகளில் எல்லாம் தேங்காயெண்ணெயும் கறுவாவும் மணந்தன. மூன்று வருடமாகப் போகாத ஆட்டுக்கொழுப்பு மணம் மூன்று நாளில் போனது. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் வந்து நாலாம் நாள் அத்தானின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். விருந்தாளிகளின் பட்டியலைக் காட்டவேண்டுமாம். தீயா வெறுங்காலோடு முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறு கையில் இருக்கும்போதே உள்ளுக்குத் திரும்பி, "புள்ள, ஆரோ வந்திரிக்காங்க கா" என்று தமிழில் குரல் கொடுத்தார்.

அத்தானின் அம்மா உள்ளே வந்து இருந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: நல்ல வேலை செய்தீர்கள், உங்கள் ஆயாவைக் கூப்பிட்டுவிட்டீர்கள், எங்கள் ஆயாவை நினைத்து நான் இன்றைக்கும் அழுவேன்.

மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு "யெஸ்" என்றார்.

அம்மா திட்டம் போட்டுப் பொய் சொன்னார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. ஒரு செக்கன் பயந்தார், அவ்வளவுதான். விண்ணப்பத்துக்காக ஓர் அதிகாரி அம்மாவின் முகத்தையும் முழங்கையையும் உற்றுப் பார்த்த நாளில் இருந்து அவருக்குள் அந்தப் பயம் குடியிருந்தது. அந்த ஒரு செக்கனைக் காப்பாற்றத்தான் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பொய் தேவைப்பட்டது.

தீயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆயா என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேவையா? வாசலில் நின்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து நீட்டினார்.

"நோனா, தேத்தண்ணி" என்றார்.

எங்கள் ஊரில் வேலைக்காரர்கள் எசமானியைக் கூப்பிடுகிற சொல் அது. தம்பியின் பெண்சாதியைத் தீயா அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.

விருந்தாளி போனபிறகு அம்மா குசினித் தொட்டிக்கு மேலே குனிந்து அழுதார். "வாயில வந்திட்டு மச்சாள், நான் என்ன செய்ய?" என்றார். தீயா அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தார். "வந்தது வந்திட்டு. கலியாணம் முடியட்டும், நோனா" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு கிழமையும் தீயா அம்மாவை நோனா என்றே கூப்பிட்டார். வெளியாள் இல்லாத நேரத்திலும்தான். சோறு வடிக்கவா நோனா, உடுப்புக் காய்ந்திட்டு நோனா. ஏன் என்று அக்கா கேட்டால், பழகிக்கொள்ள வேண்டாமா என்பார். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கத்தி வெங்காயத்தில் நின்றுவிடும். அப்படிப் பணிந்து ஒருவரை அடிக்க முடியும் என்று நான் தீயாவிடம்தான் கண்டேன்.

அப்பா என்ன செய்தார்? கேள்விப்பட்ட அன்றைக்கு வயலினைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றினார். மாப்பிள்ளை வீட்டார் காபிரிஞ்ஞா வேண்டாம், வால்ட்ஸ் வாசிக்கிற பாண்டு பிடித்திருக்கிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இப்ப கதைத்தால் கலியாணம் குழம்பும் என்றார் அப்பா. அப்பா நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் வருகிற கேடு எனக்கு விளங்க நாற்பது வயதானது.

இனி என்னுடைய பங்கு. இதை இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை.

அத்தானுக்கு என் வயதில் ஒரு தங்கச்சி. நாங்கள் இருவரும் கலியாணத்தில் பூக்கூடை பிடித்துப் போகிற பூப்பிள்ளைகள். சட்டை அளவு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்படியில் இருந்து இருவரும் கதைத்துக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. தீயா வளவில் நின்று, சுழலுகிற கொடியில் இருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நீ சொல்கிறதை எல்லாம் உங்கள் ஆயா செய்வாளா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம் என்றேன். காட்டு பார்ப்போம் என்றாள்.

நான் தீயாவின் பக்கம் திரும்பாமலே "வோட்டர்" என்றேன்.

தீயா உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். அவளுக்குக் கொடுத்தார். என் கையில் தரும்போது மெதுவாக, "ஆகு" என்றார். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு அதுதான் சொல். நான் முதல் முதலில் பேசிய சொற்களில் அது ஒன்று என்று அம்மா சொல்வார்.

அவள் என்ன சொல்கிறாள் என்று அந்தப் பிள்ளை கேட்டது. எனக்குத் தெரியாது என்றேன்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லி என்னைத் தப்பவிடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தீயா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். அன்றைக்குப் பின்னேரம் எனக்குப் பிடித்த தேங்காய்ப்பால் ரொட்டி சுட்டுத் தந்தார். அதை நான் சாப்பிட்டேன். அதுதான் இன்னும் நோகிறது.

கலியாண நாள் வடக்குக் காற்று அடித்தது. அடுப்பு வாயைத் திறந்து வைத்த வெக்கை. மாப்பிள்ளை வீட்டார் தலை அலங்காரத்துக்கு ஒரு சலூனில் நேரம் எடுத்திருந்தார்கள். அக்கா போகமாட்டேன் என்றாள். என் தலையில் தீயா மட்டும்தான் கை வைக்கலாம் என்று சொல்லிக் குசினியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அந்த ஆறு கிழமையில் அக்கா காட்டிய ஒரே எதிர்ப்பு அது. தீயா எருமைக்கொம்புச் சீப்பால் இழுத்து இழுத்து, பிரித்துப் பின்னி, சுற்றிக் கொண்டை கட்டினார். ஒரு மணித்தியாலம் ஆனது. சீப்பின் சத்தமும், தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தமும்தான்.

விருந்து மாதா கோயில் மண்டபத்தில், மத்தியானத்துக்குப் பிறகு. தீயாவைக் குசினிப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். லேஸ் சட்டையை மடிப்புக் கலையாமல் அழுத்திப் போட்டுக்கொண்டு, பற்றிஸ் பலகாரம் அடுக்கிய தட்டோடு வாசலில் வந்து நின்றார். படம் பிடிக்கிறவர் மண்டபத்தை எடுத்தபோது அவரும் அதில் விழுந்துவிட்டார். அந்தக் கலியாணத்தில் தீயா இருக்கிற ஒரே படம் அது.

கேக் வெட்டினார்கள். கைதட்டினார்கள். பாண்டுக்காரர் கடதாசியைப் புரட்டினார்கள். அப்போது தீயா வாசலில் இருந்து நடுவுக்கு வந்தார். தட்டில் மிஞ்சிய பற்றிஸைப் பக்கத்து மேசையில் கொட்டினார். வெறுந்தட்டைக் கவிழ்த்துப் பிடித்து விரல் மொளியால் தட்டத் தொடங்கினார். காபிரிஞ்ஞாத் தாளம். எனக்குக் கால் கூசியது. அவர் அக்காவைப் பார்த்து எங்கள் பேச்சில் பாடினார். தமிழில் போட்டால் இப்படி வரும்:

கரையில ஒரு நண்டு, வளை மறந்து நிக்குது;
கடலில ஒரு தோணி, துறை மறந்து நிக்குது;
கலியாணப் பொண்ணே சொல்லு, நான் உனக்கு ஆரு?

நாலாவது வரி எனக்குக் கேட்கவில்லை. அத்தானின் அம்மா கையைக் காட்ட, பாண்டு வெடித்தது. நான் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். தீயாவின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

மண்டபத்தில் இருந்த நூறு பேருக்கு அது ஒரு வேலைக்காரியின் கூத்து. எங்கள் நாலு பேருக்கு அது என்னவென்று தெரியும். அக்கா எழுந்து நிற்கவேண்டும். அப்பா அக்காவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். அக்காவின் கை மேசைவிரிப்பைப் பிடித்தது. பிடித்தபடியே இருந்தது. அவள் எழும்பவில்லை.

எழும்பியது வேறொருவர். அத்தானின் பெரியப்பா, எண்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர், கேடயம் தொங்குகிற வீட்டின் மூத்தவர். கைத்தடியால் பலகைத் தரையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினார். பாண்டு தடுமாறி நின்றது. பல்லில்லாத வாயால் ஒரு வரி பாடினார், பிறகு இன்னொரு வரி. எங்கள் பேச்சு. கண்ணில் நீர் ஓடியது. மூன்றாவது வரிக்கு முன்னரே வீட்டார் ஓடிவந்து, அவருக்கு மூளை சரியில்லை, வெக்கை தாங்கவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வெளியே கூட்டிப் போய்விட்டார்கள். கொழும்பு ஒல்லாந்த வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக அடுக்களை மொழி எங்கள் மொழிதான் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஒளித்து வைத்திருந்தவர்களிடம் போய் நாங்கள் ஒளித்திருக்கிறோம்.

தீயா அந்தக் கிழவருக்குத் தலை குனிந்து மரியாதை செய்தார். ஆனால் பெண்ணுக்காக வேறொருவர் பாடினால் செல்லாது. அக்காவைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அந்த மாதமே ஊருக்குத் திரும்பினார். விமான நிலையத்தில் சீப்பை என் கையில் வைத்து மூடினார். அக்காவிடம் கொடுக்கச் சொன்னாரா, எனக்கே தந்தாரா என்று கேட்கவில்லை. பதினாலு வயதில் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் தொலைத்தேன். சில வருடத்தில் தீயா இறந்துபோனார். கடிதம் வந்தபோது முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்திருந்தது. அப்பா வயலினைத் திரும்ப இறக்கவேயில்லை. அம்மா கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் தாதிமாரை எல்லாம் "மச்சாள், மச்சாள்" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார். அவர்களுக்கு அது அம்மாவுடைய பாசமாகத் தெரிந்தது.

இவ்வளவும் ஐம்பது வருடத்துக்கு முந்திய கதை. இப்போது அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், குடும்பப் புத்தகம் போடுகிறான். என்ஜினியர், கெட்டிக்காரன், சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு, அக்கா அவனோடுதான். புத்தகத்துக்காக, வம்சம் காட்டுகிற சோதனைக்கு எச்சில் துப்பி எங்கோ அனுப்பிப் பார்த்தான். ஒல்லாந்து வரும் என்று காத்திருந்தவனுக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் வந்து நின்றன. இருந்தாலும் அட்டையில் சிங்கக் கேடயத்தையே போட்டிருக்கிறான். அச்சுக்கு முன் என் போனுக்கு ஒரு பிரதி அனுப்பினான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். தட்டோடு வாசலில் தீயா. கீழே ஆங்கிலத்தில், எங்கள் குடும்பத்தின் விசுவாசமான ஆயா.

உடனே போன் எடுத்தேன். அம்மா சொன்னதைத்தான் போட்டேன் சின்னம்மா, என்றான் அவன் ஆங்கிலத்தில். அடுத்த கிழமை சிட்னிக்குப் பறந்தேன்.

அக்காவுக்கு இடுப்பில் சத்திர சிகிச்சை நடந்து இரண்டு மாதம். சக்கரம் வைத்த நடைச்சட்டத்தோடு வந்து கதவைத் திறந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் மேசையில் இருந்தோம். பெறாமகன் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். ஆயா என்ற சொல்லை எடு என்றேன். அவன் தாயைப் பார்த்தான்.

"செத்தவ செத்திட்டா கா. இனி ஆருக்கு?" என்றாள் அக்கா.

"எனக்கு" என்றேன். பின்படியில் வைத்துத் தீயாவிடம் தண்ணீர் கேட்டதை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன். ஆகு என்று அவர் தந்ததையும், எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதையும். பெறாமகன் பாதி விளங்கியும் விளங்காமலும் என் வாயைப் பார்த்தான். அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் யன்னலையே பார்த்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. மேசையில் கேக் இருந்த தட்டை எடுத்தேன். கேக்கை மேசையிலேயே கொட்டினேன். தட்டைக் கவிழ்த்துத் தட்டினேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் பிறந்தநாள் பாட்டுக்குக்கூட என்னைச் சத்தமாகப் பாடவேண்டாம் என்பீர்கள். பாடினேன். நண்டு, தோணி, கலியாணப் பொண்ணே சொல்லு. மூன்று வரியோடு நின்றேன்.

"நாலாவது எனக்குத் தெரியா. பாண்டுக்காரன் விழுங்கிட்டான்" என்றேன்.

 அக்கா யன்னலில் இருந்து திரும்பவில்லை. திரும்பாமலே எங்கள் பேச்சில், தாளம் பிசகாமல், நாலாவது வரியைச் சொன்னாள்:

சொல்லாட்டியும் போ புள்ள, உன்ட கொண்டையில இருக்கிறது என்ட கை.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"சீப்பால தலை இழுக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் கேக்கும். அம்பது வருசம்" என்றாள் அக்கா. அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கலியாணம் முடிந்து மூன்றாம் நாளே சொல்லிவிட்டாளாம். அவர் சிரித்தாராம், எங்கள் பெரியப்பாவுக்கும் மூளை நல்லாத்தான் இருந்தது என்றாராம். அப்படியென்றால் ஏன் இவ்வளவு காலம் ஆயா என்றே விட்டாய் என்று நான் கத்தினேன். பெறாமகன் என் தோளைத் தொட்டான்.

"அவவ நினைச்சு வெக்கமில்ல கா. எழும்பாம இருந்தனே, அதை ஆருக்குச் சொல்லிற?" என்றாள்.

பிறகு நடைச்சட்டத்தைக் கையால் தள்ளிவிட்டாள். அது சக்கரத்தில் ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. பெறாமகன் பதறி எழும்பினான். இரு என்று கையால் காட்டினாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு வாங்கி, எழும்பினாள். நிமிர்ந்து நின்றாள். தட்டு என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். தட்டினேன்.

அக்கா நாலு வரி பாடினாள். சுருதி எங்கோ போனது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

பெறாமகன் என்ன அம்மா, என்ன பாடினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவள் அவனுக்கு விளக்கவில்லை. எழுது என்றாள். நின்றபடியே சொன்னாள்: தீயா. என்ட அப்பாட அக்கா. என்னை வளர்த்தவ. கலியாணத்தண்டு என்ட தலையைக் கட்டினவ. அவன் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் அடித்தான். தீயா என்ற சொல்லை மட்டும் அப்படியே விடச் சொன்னாள். கேடயம் அட்டையில் இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அக்கா என்ன பதில் பாடினாள்? அதைத் தமிழில் போடமாட்டேன். தீயாவின் வரிகளைப் போட்டது, அவை கேள்வி என்பதால். கேள்வி எல்லோருக்கும் கேட்கலாம். பதில் தீயாவுக்கு மட்டும் உரியது. ஐம்பது வருடம் பிந்தினாலும் அது அவருடைய சொத்து.

அப்படியும் ஆசைப்படுகிறவர்கள் புதன்கிழமை வாருங்கள். நான் ஆர் ஆள் என்று கேட்கவேண்டாம். என் பக்கத்தில் வந்திருந்து, "ஆகு" என்று கேளுங்கள். முழங்கால் எவ்வளவு நொந்தாலும் நான் எழும்பிப் போய், இரண்டு கையாலும் எடுத்துவந்து தருவேன்.